கறி எடை தாயின் வயிற்றிலேயே தொடங்குகிறது

விற்பதற்கு இரண்டு மாதம் முன்பு தானியமும் புண்ணாக்கும் கலந்த அடர்தீவனத்தை அள்ளி வைத்தால் செம்மறிக் கிடா தேறிவிடும் என்று பலரும் நம்புகிறார்கள். தேறும்தான். ஆனால் முதல் மாதத்தில் பால் போதாமல் நலிந்த குட்டி, மற்றவற்றை எட்டிப் பிடிக்க அதிக நாளும் அதிகத் தீவனமும் கேட்கும்.

செம்மறியின் சினைக்காலம் ஏறத்தாழ 150 நாள். கருவின் எடையில் சுமார் 70 சதவீதம் கடைசி ஆறு வாரத்தில்தான் ஏறுகிறது. அதே நாட்களில் கருப்பை பெருத்து வயிற்றை நெருக்குவதால் தாயால் வழக்கம்போல் புல், வைக்கோல் போன்ற நார்த்தீவனம் தின்ன முடியாது. இரட்டைக் குட்டி சுமக்கும் ஆட்டுக்கு இன்னும் சிரமம். அளவில் குறைந்து சத்தில் மிகுந்த தீவனம் அப்போதுதான் வேண்டும். விலா எலும்பு முடியும் இடத்துக்குப் பின்னால் முதுகில் கை வைத்து அழுத்திப் பாருங்கள். எலும்பு நுனிகள் கூராகக் குத்தினால் ஆடு மெலிந்திருக்கிறது. சற்று அழுத்திய பிறகே தட்டுப்பட்டால் சரி. இந்தச் சோதனையை ஈனும் வாரத்தில் செய்து பயனில்லை, ஆறு வாரம் முன்பே செய்யுங்கள்.

பிறந்த குட்டிக்கு முதல் இரண்டு மணி நேரத்துக்குள் உடல் எடையில் கிலோவுக்கு 50 மில்லி சீம்பால் போய்ச் சேர வேண்டும்; முதல் 24 மணி நேரத்தில் மொத்தம் கிலோவுக்கு 200 மில்லி. அதாவது 3 கிலோ குட்டிக்கு முதலில் 150, நாள் முழுவதும் 600. ஒரு நாள் கடந்தால் சீம்பாலிலுள்ள நோய் எதிர்ப்புப் பொருளைக் குடல் உறிஞ்சாது.

மூன்று, நான்காம் வாரத்தில் தாயின் பால் உச்சத்தைத் தொட்டு, பிறகு இறங்கும். குட்டியின் பசியோ ஏறிக்கொண்டே போகும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் இரண்டாம் வாரத்திலிருந்தே குட்டித் தீவனம் வைக்கிறோம். 18 முதல் 20 சதவீதம் புரதம் போதும். குட்டிகள் மட்டும் நுழையும்படி 15 முதல் 20 செ.மீ. இடைவெளி விட்ட தடுப்புக்குள் வையுங்கள். மிச்சத்தைத் தினமும் அகற்றுங்கள், ஈரம் பட்டுப் புளித்த தீவனத்தைக் குட்டி தொடாது. தின்னப் பழகாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்தால் எடை அப்படியே நின்றுவிடும்.

பிறப்பு எடை 3 கிலோ, 90ஆம் நாள் 16.5 கிலோ என்றால் தினசரி வளர்ச்சி 150 கிராம். எடை போடாமல் கண்ணளவில் கணக்குப் போடாதீர்கள். வளர்ச்சி திடீரென்று சரிந்தால் முதலில் குடற்புழுவைச் சந்தேகியுங்கள்: கீழ் இமையின் உட்புறம் வெளுத்திருக்கிறதா, தாடைக்குக் கீழ் நீர் கோத்திருக்கிறதா? ரத்தம் உறிஞ்சும் புழு கழிச்சல் இல்லாமலே கொல்லும்.

கொழுக்க வைக்கும்போது தானியத்தை இரண்டு வாரத்தில் படிப்படியாகக் கூட்டுங்கள். ஒரே நாளில் கூட்டினால் வயிற்றில் அமிலம் பெருகி குட்டி படுத்துவிடும். தானியம் அதிகம் தின்னும் கிடாக்களுக்குச் சிறுநீர்க்கல் வரும். தீவனத்தில் சுண்ணாம்புச்சத்து பாஸ்பரஸைப்போல் இரு மடங்கு இருந்தால் ஆபத்து குறையும். மாட்டுக்கான தாது உப்புக் கலவையைச் செம்மறிக்குக் கொடுக்கவே கூடாது. அதிலுள்ள தாமிரம் ஈரலில் சேர்ந்து நஞ்சாகும்.

காயடிக்காத கிடா வேகமாக வளரும், கொழுப்பும் குறைவு. பெட்டைக்குக் குறைந்த எடையிலேயே கொழுப்பு படியும். தசையில் முக்கால்வாசி தண்ணீர், கொழுப்பில் அப்படியில்லை. அதனால் ஒரு கிலோ கொழுப்பு ஏற்றத் தேவைப்படும் தீவனம் மிக அதிகம். முதுகில் எலும்பே தட்டுப்படாத அளவுக்குக் குட்டியை வைத்திருப்பது வீண் செலவு.

உயிர் எடையை வைத்துக் கறி எடையைக் கணிப்பதில்தான் பெரும் குழப்பம். பட்டினி போட்டு எடுத்த எடை 30 கிலோ, தலை, தோல், குடல் நீக்கிய பின் எலும்போடு கறி 14.4 கிலோ என்றால் 48 சதவீதம். அதே குட்டி 2 கிலோ தீவனமும் தண்ணீரும் உள்ளே போன பிறகு தராசு ஏறினால் 32 காட்டும். கறி அதேதான், விகிதம் மட்டும் 45 ஆகிவிடும். நனைந்த கம்பளியும் இப்படித்தான் ஏமாற்றும். எனவே எப்போதும் ஒரே நேரத்தில், காலைத் தீவனத்துக்கு முன் எடை போடுங்கள்.

அறுப்புக்கு முன் 12 மணி நேரம் தீவனம் நிறுத்தலாம், தண்ணீரை நிறுத்தக் கூடாது. ஒரு நாளைத் தாண்டினால் குடல் காலியாவதோடு நிற்காது, கறியே குறையத் தொடங்கும். வண்டியில் ஏற்றும்போது கம்பளியைப் பிடித்துத் தூக்கினால் தோலுக்கடியில் ரத்தம் கட்டும். அந்தப் பகுதியை வெட்டி எறிவார்கள், எடை அங்கேயும் போகும்.