தீனோஸ் மாதாவுக்கு ஒரு வெள்ளிப் படகு

கிரேக்க நாட்டின் தீனோஸ் தீவுக்கு ஒரு வெள்ளிப் படகு கொண்டுவந்து வைப்பதாக என் தாயார் நேர்ந்துகொண்டு ஏழு ஆண்டுகள் ஆகிவிட்டன. சரக்குக் கப்பலில் வேலை பார்க்கும் என் தம்பி ஏஜியன் கடலில் புயலில் அகப்பட்டான். எஞ்சின் நின்றுபோய் இரண்டு இரவுகள் கப்பல் அலைக்கழிந்தபோது, எஞ்சின் அறைச் சுவரில் இருந்த தீனோஸ் மாதாவின் சிறு படத்தின் முன் கிரேக்கரான தலைமைப் பொறியாளரும் அவனும் சேர்ந்து செபித்ததாகக் கரை சேர்ந்த பிறகு தொலைபேசியில் சொன்னான். பனிமய மாதாவின் நிழலில் வளர்ந்த தூத்துக்குடிக் குடும்பம் எங்களுடையது. அம்மா அன்று மாலையே நகை ஆசாரியிடம் போய், உள்ளங்கை நீளத்தில் பாய்மரத்தோடு ஒரு படகு செய்யச் சொல்லிவிட்டார். துறைமுகத்திலிருந்து கோயில் வரை முழந்தாளிட்டு வருவதாகவும் அந்த நேர்ச்சையில் இருந்தது. எழுபத்து நான்கு வயதில், தேய்ந்துபோன மூட்டுகளோடு அவரால் அது முடியாது என்று மருத்துவர் சொன்ன நாளில் படகை என் கையில் கொடுத்தார். "நான் சொன்ன சொல்லு அங்க கெடக்கு மகளே. நீ போயிக் குடுத்துட்டு வந்துரு."

ஆகஸ்டு 15 விண்ணேற்புத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்னதாக ஏதென்ஸ் போய்ச் சேர்ந்தேன். அந்த மாதத்தில் ஏஜியன் கடலில் வடக்கிலிருந்து வீசும் காற்றுக்கு மெல்தேமி என்று பெயர். அது மிஞ்சினால் கப்பல்களைத் துறைமுகத்திலேயே நிறுத்திவிடுவார்கள். ரஃபீனா துறைமுகத்தில் ஒரு பகலும் ஓர் இரவும் மூட்டை முடிச்சுகளோடு காத்திருந்தேன். என்னைச் சுற்றிலும் பெரிய மெழுகுதிரிகளைத் துணியில் சுற்றி வைத்திருந்த கிரேக்கக் குடும்பங்கள் தரையில் படுத்துக் கிடந்தன. கடற்காற்று ஒரு பயணத்தை நிறுத்துவது மீனவர் ஊரில் பிறந்தவளுக்குப் புதிதல்ல. ஆனாலும் கைப்பையில் படகைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டு, இதற்கும் ஒரு புயலா தாயே என்று மனம் கேட்டுக்கொண்டே இருந்தது.

மறுநாள் மாலை தீவில் இறங்கியதும் அறை வாடகைக்கு விடுபவர்கள் அட்டைகளை நீட்டிக்கொண்டு சூழ்ந்துகொண்டார்கள். அவர்களில் ஒருவர் பேசிய தொகை, அறைக்குப் போய்ப் பையை இறக்கி வைத்ததும் இரட்டிப்பாகிவிட்டது. நேர்ச்சைக்கு வந்த இடத்தில் சண்டை வேண்டாம் என்று கொடுத்துவிட்டேன், ஆனால் மனம் கசந்துதான் போனது. மாதாவை நாடி வருகிறவர்களின் அவசரத்தைக் காசாக்குவது எந்த நாட்டில் நடந்தாலும் தவறுதான்.

விடியற்காலை ஐந்து மணிக்குத் துறைமுகத்தருகில் முழந்தாளிட்டேன். அங்கிருந்து கோயில் வரை ஏறக்குறைய 800 மீட்டர், முழுவதும் ஏற்றம். சாலையோரமாகத் தவழ்ந்து செல்பவர்களுக்கென்று ஒரு கம்பளம் விரித்திருக்கிறார்கள். எத்தனையோ முழங்கால்கள் உரசியதில் அந்தக் கம்பளம் சணலைப் போல் சொரசொரத்துக் கிடந்தது. அருகிலேயே வண்டிகள் ஓடிக்கொண்டிருந்தன. பாதி வழிகூட வரவில்லை, சேலைக்குள்ளிருந்த துணிக்கட்டு விலகி இரண்டு முழங்கால்களும் உரிந்துவிட்டன. கைகளை ஊன்றி, தலையைக் கவிழ்த்து, செபமாலையின் ஒவ்வொரு மணிக்கும் ஓர் 'அருள்நிறை மரியே' என்று எண்ணிக்கொண்டிருந்தபோது, எனக்கு முன்னால் தவழ்ந்துகொண்டிருந்த கறுப்பு உடை மூதாட்டி திரும்பிப் பார்த்தார். அவர் நின்று, தன் முழங்காலில் கட்டியிருந்த பஞ்சுத் திண்டுகளில் ஒன்றை அவிழ்த்து என் முழங்காலில் தாமே கட்டிவிட்டார். எங்களிடையே பொதுவாக இருந்த ஒரே சொல் 'பனாயியா', அதாவது முற்றிலும் தூயவள். அவர் அதைச் சொன்னார், நானும் சொன்னேன். ஆளுக்கு ஒரு முழங்காலில் திண்டோடு மீதி வழியை இருவரும் ஏறி முடித்தோம்.

இந்தக் கோயில் எழுந்த கதையை அங்குள்ள சிறு பிள்ளையும் சொல்லும். 1822ஆம் ஆண்டு, கெக்ரோவூனி மடத்தில் வாழ்ந்த பெலாகியா என்னும் எழுபது வயதுக் கன்னியாஸ்திரீயின் கனவில் மாதா மூன்று முறை தோன்றி, ஒரு வயலின் பெயரைச் சொல்லி, அங்கே புதைந்து கிடக்கும் தம் படத்தை எடுக்கச் சொன்னார். கிரேக்கர்கள் விடுதலைப் போரைத் தொடங்கி ஓராண்டே ஆகியிருந்த காலம். 1823 ஜனவரி 30 அன்று அந்த வயலைத் தோண்டியபோது ஒரு தொழிலாளியின் கருவி பட்டுப் படம் இரண்டாகப் பிளந்தது. பிளவு மாதாவுக்கும் கபிரியேல் தூதருக்கும் நடுவே சென்றதால் இரண்டு உருவங்களுமே சேதமின்றித் தப்பின. இயேசுவின் தாயாவார் என்று தூதர் மாதாவிடம் மங்கள வார்த்தை சொல்லும் அந்தக் காட்சியை, நற்செய்தி எழுதிய புனித லூக்காவே தீட்டியதாக மரபு. வறண்டு கிடந்த பழைய கிணறு ஒன்றில் கோயில் வேலையின்போது நீர் சுரந்தது. அந்த நீர்தான் இன்றும் கோயிலின் அடியிலுள்ள சிற்றாலயத்தில் எடுக்கப்படுகிறது.

படிகளில் ஏறி உள்ளே நுழைந்ததும் நான் நிமிர்ந்து பார்த்தேன், பார்த்தபடியே நின்றுவிட்டேன். கூரையிலிருந்து வெள்ளி விளக்குகள் நெருக்கமாகத் தொங்கின. ஒவ்வொரு விளக்கின் அடியிலும் ஒரு நேர்ச்சை: கப்பல், படகு, தொட்டில், கை, வீடு. வாசலருகே பொற்கனி காய்த்த வெள்ளி ஆரஞ்சு மரம் ஒன்று நிற்கிறது. பார்வை திரும்பினால் முதலில் காண்பதைச் செய்து வைப்பதாக வேண்டிய ஒரு பார்வையற்றவர் கொடுத்தது என்கிறார்கள். வெள்ளிக் கப்பல் ஒன்றின் அடிப்பகுதியில் ஒரு மீன் செருகியிருக்கிறது. புயலில் ஓட்டை விழுந்த கப்பலின் மாலுமிகள் மாதாவைக் கூவியழைத்தபோது பெரிய மீன் ஒன்று அந்த ஓட்டையில் சிக்கி நீரை அடைத்ததாம். வேளாங்கண்ணியின் காணிக்கைக் காட்சியகத்தில் நான் பார்த்து வளர்ந்த அதே நன்றி, ஆயிரக்கணக்கான மைல்களுக்கு அப்பாலும் வெள்ளியில்தான் பேசுகிறது.

வரிசை நீளமாக இருந்தது. சுற்றுலாக் குழு ஒன்று கைப்பேசிகளை உயர்த்தியபடி குறுக்கே புகுந்தது, யாரும் தடுக்கவில்லை. என் முறை வந்தபோது கிடைத்தவை சில நொடிகள்தாம். படத்தின் முகத்தைக் காணவே வந்தேன், ஆனால் காண முடியவில்லை. பொன்னும் வைரமும் முத்தும் அதை முழுவதும் மூடியிருந்தன. கண்ணாடியின் அடியில், பக்தர்களின் நகைகளுக்கிடையே, கருமை படர்ந்த ஒரு சிறு இடைவெளி மட்டும் தெரிந்தது. அந்த இடைவெளிக்கு மேலே கண்ணாடியில் அம்மாவின் படகை வைத்தேன். அதுவரை என் வலியும் வரிசையும் வாடகையும் நிறைத்திருந்த மனத்தில் தம்பியின் குரல், கரை சேர்ந்த அன்று 'அக்கா' என்று ஒரு சொல்லோடு நின்றுபோன அந்தக் குரல், மட்டுமே இருந்தது. கேட்பதற்கென்று எழுதி வைத்திருந்த விண்ணப்பங்கள் ஒன்றுகூட நினைவுக்கு வரவில்லை. நன்றி தாயே, நன்றி தாயே என்று தமிழில் சொல்லிக்கொண்டிருந்தேன். பக்கத்தில் நின்ற குருவானவர் படகை எடுத்து, மீண்டும் ஒரு முறை கண்ணாடியில் தொட்டு, என் நெற்றியிலும் தொட்டு, காணிக்கைகளோடு வைத்துக்கொண்டார்.

வளாகத்தில் சில சிறு காட்சியகங்கள் உள்ளன. அவற்றில் என்னை நிறுத்தி வைத்தது 'எல்லி' கப்பலின் நினைவிடம். 1940 ஆகஸ்டு 15 காலை, திருநாளுக்கு மரியாதை செலுத்த இந்தத் துறைமுகத்தில் நங்கூரமிட்டிருந்த அந்தக் கடற்படைக் கப்பலை இத்தாலிய நீர்மூழ்கிக் கப்பல் ஒன்று தாக்கி மூழ்கடித்தது. போர் அறிவிப்பு எதுவும் இல்லாத நேரம், கரையெல்லாம் பக்தர்கள். வெடித்த டார்பிடோவின் துண்டுகளை அங்கே வைத்திருக்கிறார்கள். கப்பல்காரன் வீட்டுப் பெண்ணாகிய நான், திரும்பி வராத அந்தப் பிள்ளைகளுக்காக ஒரு பத்து மணி செபமாலை சொன்னேன்.

கீழே இறங்கும் சாலையிலேயே தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. கியோனியா கடற்கரையில், பழங்காலக் கிரேக்கரின் கடல் தெய்வமான பொசைடனுக்கும் அவர் மனைவி அம்ஃபிட்ரிட்டிக்கும் இருந்த கோயிலின் எச்சங்களும், ஏதென்ஸின் காற்றுக் கோபுரத்தை அமைத்த அண்ட்ரோனிக்கோஸ் செய்த கல் சூரியக் கடிகாரமும் அங்கே உள்ளன. இந்தத் தீவில் அந்தக் கடல் தெய்வத்தை மருத்துவனாகவே வணங்கினார்களாம். கடலில் போனவனையும் நோயில் கிடப்பவனையும் காக்கச் சொல்லி இந்தக் கரைக்கு மக்கள் வருவது நம் மாதாவின் படம் கிடைப்பதற்கு முன்பே தொடங்கிவிட்டது.

மறுநாள் பேருந்தில் பிர்கோஸ் என்னும் ஊருக்குப் போனேன். பேருந்து நிறுத்தம்கூடப் பளிங்கில் செய்த ஊர் அது. வீட்டு வாசல்களுக்கு மேலே பளிங்கில் கப்பலும் பறவையும் செதுக்கி வைத்திருக்கிறார்கள். 2008இல் திறந்த பளிங்குக் கலைக் காட்சியகத்தில் உளிகளையும் மலையிலிருந்து பாறையை இறக்கிய முறைகளையும் பார்த்தேன். இந்தத் தொழிலை யுனெஸ்கோ 2015இல் தன் பட்டியலில் சேர்த்திருக்கிறது. ஆனால் நான் நெடுநேரம் நின்றது சிற்பி யன்னூலிஸ் ஹலேபாஸின் சிறிய வீட்டில்தான். 1851இல் பிறந்த அவர் இளமையிலேயே புகழ்பெற்று, பின் மனம் கலங்கி, கோர்ஃபூ தீவின் மனநல விடுதியில் பதினான்கு ஆண்டுகள் இருந்தார். திரும்பி வந்த மகனுக்கு நோய் வந்ததே சிற்பத்தால்தான் என்று நம்பிய தாய், அவர் பிடித்த களிமண் உருவங்களையெல்லாம் உடைத்துப் போட்டார். 1916இல் அந்தத் தாய் இறந்த பிறகே, அறுபது வயதைத் தாண்டி, அவர் மறுபடியும் முழுமூச்சாகக் களிமண்ணைக் கையில் எடுத்தார். அந்தத் தாயைப் பலர் குறை சொல்கிறார்கள். எனக்கு மனம் வரவில்லை. பிள்ளை பிழைக்க வேண்டும் என்பதற்காக ஒரு தாய் வெள்ளியில் படகு செய்யச் சொல்கிறாள், இன்னொருத்தி கையில் கிடைத்ததை உடைக்கிறாள். அந்த வீட்டிலும் முழந்தாளிட்டுச் செபிக்க ஆசைப்பட்டேன், முழங்கால் இடம் தரவில்லை. நின்றபடியே இருவருக்குமாக வேண்டிக்கொண்டேன்.

பெலாகியா வாழ்ந்த அறையைக் கெக்ரோவூனி மடத்தில் கண்டுவிட்டு, சுனை நீரைச் சிறு புட்டியில் எடுத்துக்கொண்டு ஊர் திரும்பினேன். வாசலிலேயே அம்மா கேட்ட முதல் கேள்வி, "முகம் எப்படி இருந்துச்சு மகளே?"

"காணலம்மா. அவ்வளவு நகை. எல்லாம் உன்னைப் போல ஒவ்வொருத்தர் போட்டது."

அம்மா தலையாட்டினார். புட்டியைத் திறந்து, கண்களில் ஒற்றிக்கொள்ளத்தான் போகிறார் என்று நினைத்தேன். என் சேலையை விலக்கி, பொருக்குக் கட்டியிருந்த இரண்டு முழங்கால்களிலும் அந்த நீரைத் தடவிவிட்டார்.