சிவப்பு டேப்புக்குக் கீழே: டிசம்பர் நாட்குறிப்பு

3 டிசம்பர் 2023, ஞாயிறு, கொடுங்கையூர், வட சென்னை

புயல் நெருங்குகிறது, மழை விட்டபாடில்லை. எங்கள் மஹிந்திரா தார் ஜீப் 650 மில்லிமீட்டர் ஆழம் வரை தண்ணீரில் இறங்கலாம் என்பது நிறுவனம் தரும் கணக்கு. அந்த அளவு வண்டியில் எந்த இடத்தில் வருகிறது என்று இதுவரை பார்த்ததில்லை என்பதால், இன்று டேப் வைத்து அளந்தேன். டயரின் உயரம் ஏறத்தாழ 79 சென்டிமீட்டர். 65 என்பது அதன் உச்சிக்கு 14 சென்டிமீட்டர் கீழே. ஆனால் வண்டி நகர்ந்தால் முன்னால் அலை எழும், எதிரே லாரி வந்தால் இன்னொரு அலை வந்து மோதும். ஆகவே என் எல்லை 50 தான். துணி உலர்த்தும் மூங்கில் கழியில் 50க்கு ஒரு கோடு கிழித்து, 65க்குச் சிவப்பு இன்சுலேஷன் டேப் சுற்றி வைத்தேன். அம்மாவுக்குக் கோபம்.

4 டிசம்பர், திங்கள்

மின்சாரம் இல்லை. தெருமுனையில் முழங்கால் தண்ணீரில் ஒரு கார் அணைந்து நின்றது. வேண்டாம் என்று கத்துவதற்குள் ஓட்டியவர் மறுபடி சாவியைத் திருப்பிவிட்டார். 'டக்' என்று ஒரே சத்தம், அவ்வளவுதான். காற்றைப் பிஸ்டனால் அழுத்த முடியும், தண்ணீரை முடியாது. சிலிண்டருக்குள் நீர் புகுந்திருக்கும்போது என்ஜினைச் சுற்றவைத்தால் பிஸ்டனைத் தாங்கும் கனெக்டிங் ராடு வளைந்துவிடக்கூடும். அணைந்த வண்டியை அப்படியே மேட்டுக்குத் தள்ளியிருந்தால், மெக்கானிக் ஸ்பார்க் பிளக்குகளையோ, டீசல் வண்டியென்றால் இன்ஜெக்டர்களையோ கழற்றி நீரை வெளியேற்றியிருப்பார்.

5 டிசம்பர், செவ்வாய்

மழை நின்றுவிட்டது, தண்ணீர் நிற்கிறது. பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு இன்று டயாலிசிஸ், தள்ளிப்போட முடியாது. மழை என்றாலே நிரம்பிவிடும் கணேசபுரம் சுரங்கப்பாதையை நினைத்தும் பார்க்கவில்லை. பேசின் பாலம் வழியாகப் போவது என்று முடிவு செய்தோம்.

முதல் பள்ளத்தில் அக்கா மகன் கழியோடு முன்னே நடந்தான். மேன்ஹோல் மூடிகளைத் திறந்துவிட்டிருப்பார்கள் என்ற பயத்தில், ஒவ்வோர் அடிக்கும் முன்னால் கழியை ஊன்றிப் பார்த்தே கால் வைத்தான். அவன் அக்கரை சேர்ந்து கையசைத்த பிறகுதான் ஃபோர் லோவில் (நான்கு சக்கரங்களையும் மெதுவாக, கூடுதல் விசையோடு சுழற்றும் அமைப்பு) முதல் கியர் போட்டு, நடக்கும் வேகத்தில், சாலையின் நடுமேட்டைப் பிடித்து இறங்கினேன். பம்பருக்கு முன்னால் சிறு அலை உருண்டது. அதன் பின்னே பானெட்டுக்கு அருகில் நீர்மட்டம் சற்றே தாழ்ந்திருந்தது. அந்த அலையை முந்தவும் கூடாது, விடவும் கூடாது. நடுவில் கிளட்சை மிதிக்கவும் கூடாது. பின்சீட்டில் பெரியவர் செருப்பை மடியில் வைத்துக்கொண்டு, கதவிடுக்கில் கசிந்த நீரையே பார்த்துக்கொண்டிருந்தார். கரையேறியதும் பிரேக் பிடிக்கவில்லை. காலை லேசாக வைத்தபடியே ஓட்டி உலர்த்த வேண்டியிருந்தது.

இரண்டாவது பள்ளத்தில் பாதி தூரம் போனவன், "மாமா, சிவப்பு டேப் முங்கிடுச்சு!" என்று கத்தினான். கரையில் நின்றவர்கள் "ஜீப்புதானே, விடுங்க சார்" என்றார்கள். வண்டியைத் திருப்பிவிட்டேன். உயரமான வண்டிதான், ஆனால் ஓடுகிற நீர் சக்கரத்தைத் தூக்கத் தொடங்கினால் நான்கு சக்கரமும் சுழன்று பயனில்லை. சுற்றிக்கொண்டு போனதில் மருத்துவமனை சேர இரண்டு மணி நேரமானது.

7 டிசம்பர், வியாழன்

பட்டறையில் பின் டிஃபரன்ஷியலின் (பின் ஆக்சிலின் நடுவே, இரு சக்கரங்களுக்கும் விசையைப் பிரித்துத் தரும் பல்சக்கரப் பெட்டி) அடித்திருகைக் கழற்றியதும், கறுப்பாக வரவேண்டிய ஆயில் பால் ஊற்றிய டீயின் நிறத்தில் வழிந்தது. ஓடிச் சூடான ஆக்சில் சட்டென்று குளிர்ந்த நீரில் அமிழும்போது உள்ளிருக்கும் காற்று சுருங்கி, நீரை உள்ளிழுத்துவிடுகிறதாம். இறங்குவதற்கு முன் பத்து நிமிடம் வண்டியை ஆறவிட்டிருக்கலாம், எனக்குத்தான் அவசரம். மெக்கானிக் அண்ணன் ஆயிலை மாற்றி, ஆக்சிலுக்குள் காற்று போய்வரும் பிரீதர் குழாயை நீட்டி மேலே கட்டினார். 1,000 கிலோமீட்டர் ஓடியதும் மறுபடி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்.