உகந்தமலை உச்சியிலிருந்து தெரியும் பாதை

உகந்தைக்குப் போய் வந்தேன் என்று எங்கள் ஊரில் ஒருவர் சொன்னால், நடந்தா வாகனத்திலா என்பதுதான் கேட்பவரின் அடுத்த கேள்வியாக இருக்கும். யாழ்ப்பாணத்துச் செல்வச் சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்கு நடந்து வரும் அடியார்களுக்கும், திருகோணமலை, மட்டக்களப்புப் பகுதிகளிலிருந்து இடையில் சேர்ந்துகொள்பவர்களுக்கும், இலங்கையின் கிழக்குக் கரையோரத்து உகந்தமலை முருகன் கோயில் காட்டுக்குள் இறங்குமுன் கிடைக்கும் கடைசிக் கோயில். காட்டுப்பாதை திறக்கும் நாளை எதிர்பார்த்து, அரிசி பருப்பைப் பங்கிட்டு மூட்டை கட்டும் மும்முரத்தில், கோயிலுக்குப் பின்னால் நிற்கும் மலையை அண்ணாந்து ஒரு கும்பிடு போட்டுவிட்டு நடக்கத் தொடங்குவோர் பலர். என் அம்மாவும் அப்படித்தான் நடந்தவர். அவர் தன் தாயோடு கதிர்காமம் நடந்தது 1978ஆம் ஆண்டு ஆடியில். அந்த ஆண்டு நவம்பரில்தான் மட்டக்களப்பைப் பெரும்புயல் அடித்தது. அதனால் எங்கள் வீட்டில் அந்த நடை இன்றும் 'புயலுக்கு முந்தின நடை' என்றே சொல்லப்படுகிறது.

எனக்கு நடக்கிற வயது வந்தபோது பாதை இருக்கவில்லை. யுத்தம் அந்தக் கரையோரத்தையும் காட்டையும் எங்களுக்கு ஆண்டுக்கணக்கில் மூடி வைத்தது. இந்த ஆடியில் நடக்கப்போகிறேன் என்று என் மகள் சொன்னதும், அம்மா மறுபேச்சின்றி, "அப்படியெண்டால் முதல்ல அவளை மலையில ஏத்திப் பாதையைக் காட்டோணும்" என்றார். ஆனி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றில், பாட்டியும் தாயும் பேத்தியுமாக நாங்கள் மூவரும் புறப்பட்டது அந்த ஒரு காரியத்துக்காகவே.

களுவாஞ்சிகுடியிலிருந்து விடியற்காலை நாலு மணிக்குக் கிளம்பினோம். கல்முனை, அக்கரைப்பற்று, திருக்கோவில், கோமாரி என்று பொத்துவில் வரை நல்ல வீதி. திருக்கோவில் சந்தியில் வாகனத்தை நிறுத்தி, கடற்கரைப் பக்கம் திரும்பிச் சித்திரவேலாயுத சுவாமியை நினைத்துக் கைகூப்பினோம். முருகன் எறிந்த வேலின் கதிர்கள் உகந்தை, திருக்கோவில், மண்டூர் ஆகிய மூன்று இடங்களிலும் வந்து தங்கின என்பது எங்கள் கிழக்கின் ஐதிகம். ஆகையால் ஒன்றுக்குப் போகிறவர் மற்ற இரண்டையும் மனத்தில் வைத்துத்தான் போவார். அறுகம்குடாப் பாலத்தைக் கடந்து பாணமையை அடைந்தபோது நன்றாக விடிந்துவிட்டது. சிங்களமும் தமிழும் உறவு கலந்து வாழும் அந்த ஊரில், கண்ணகித் தாயைப் பத்தினித் தெய்வமாக இரு மொழியாரும் வணங்குகிறார்கள். வெற்றிலை, பழம், கற்பூரம், குடிதண்ணீர் எல்லாவற்றையும் பாணமையிலேயே வாங்கிக்கொள்வது நல்லது. அதற்கப்பால் கிரவல் வீதியும் இருபுறமும் பற்றைக்காடும்தான். வெளிச்சம் வந்த பிறகே அந்த வீதியில் இறங்க வேண்டும் என்பதில் அம்மா உறுதியாக இருந்தார். அது எவ்வளவு சரி என்பதை, வீதியின் நடுவே ஆவி பறக்கக் கிடந்த யானை இலத்தி எங்களுக்குக் காட்டியது.

கோயில் சந்நிதியில் அன்று கூட்டமில்லை. ஆடிவேல் விழாவுக்குக் கொடியேறி, நிறைவில் சுவாமி கடலில் தீர்த்தமாடும் நாள்களில் இந்த மணல்வெளியில் கால் வைக்க இடமிருக்காது. அன்றோ முன்றிலில் மயில்கள் இரண்டு மேய்ந்துகொண்டிருந்தன. முருகனைத் தரிசித்துத் திருநீறு பெற்றுக்கொண்டு, வெயில் ஏறுமுன் மலைக்குப் போனோம்.

மலை என்று பெயரே தவிர, இது காட்டுக்குள்ளிருந்து கடலைப் பார்த்து எழும்பிய ஒரு பெரும் பாறைத் தொடர்தான். நிதானமாக நடந்தாலும் கால் மணி நேரத்துக்குள் ஏறிவிடலாம். சிறு பிள்ளைகளும் முதியவர்களும் ஏறுகிறார்கள். ஆனால் செருப்பில்லாமல் ஏற வேண்டும் என்பதால் நேரம் முக்கியம். காலை எட்டு மணிவரை அந்தப் பாறை உள்ளங்காலுக்கு இதமான குளிர்ச்சியோடு இருக்கும். பத்து மணிக்கு மேல் கால் வைக்க முடியாது. அம்மாவுக்கு இடது முழங்கால் மடங்காது. ஒரு கையை என் தோளிலும் மறு கையைப் பாறையிலும் ஊன்றி, ஒவ்வோர் அடிக்கும் "முருகா" என்று மூச்சுவிட்டு அவர் ஏறினார். பாதி வழியில், இங்கேயே இருப்போமா என்று கேட்டேன். "எனக்கு ஏலும் புள்ள. நீ கையை மட்டும் விடாத" என்றார்.

இந்த மலையின் செல்வம் அதன் சுனைகள். பங்குனிக்குப் பிறகு நல்ல மழை காணாத ஆனி மாதத்தில், கச்சான் காற்று கீழே மரங்களின் இலைகளையெல்லாம் சுருட்டி வைத்திருக்கும் வேளையில், வெறும் பாறையின் குழிவில் நீர் நிற்பதை முதன்முதலாகக் காண்பவர் அதன் அருகில் அமர்ந்துவிடுவார். நாங்களும் அமர்ந்தோம். சுனையின் விளிம்பில் பாசி ஒரு விரல் அகலத்துக்குப் பச்சைக் கரை கட்டியிருந்தது. அதற்கு உட்புறம் நீர் தெளிந்து, அடியில் படிந்திருந்த மணலும், உதிர்ந்த ஓர் இறகும், வாலை ஆட்டி நின்ற தவளைக் குஞ்சுகளும் தெரிந்தன. அம்மா விளிம்பில் குந்தியிருந்து, நீர் கலங்காமல் இரண்டு விரல்களால் தொட்டு, பேத்தியின் உச்சியிலும் என் உச்சியிலும் வைத்து, கடைசியாகத் தன் முழங்காலில் தடவிக்கொண்டார். அடுத்த சுனையில் வெற்றுப் பிளாஸ்ரிக் போத்தல்களும் கற்பூரப் பைகளும் மிதந்தன. வள்ளியம்மை நீராடிய சுனை என்று கைகூப்பும் நாமே அதில் குப்பை போடுவது என் நெஞ்சை வருத்தியது. மகள் தன் பையைக் காலி செய்து, கைக்கு எட்டிய எல்லாவற்றையும் பொறுக்கிக் கட்டிக்கொண்டாள்.

உச்சியில் வள்ளியம்மன் கோயில் இருக்கிறது. முருகன் அடிவாரத்திலும் வள்ளி மேலேயும் வீற்றிருப்பது ஏன் என்று மகள் கேட்டாள். வேடர் குலத்துப் பிள்ளை தன் காட்டைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டாமா என்று அம்மா சொன்ன பதில் எனக்கு மிகவும் பிடித்திருந்தது. கற்பூரம் ஏற்றினோம், கச்சான் இரண்டு முறை அணைத்து, மூன்றாம் முறை எரிய விட்டது.

பிறகுதான் நிமிர்ந்து பார்த்தோம். கிழக்கே பாறைக்குக் கீழேயே கடல். முருகனும் வள்ளியும் வந்திறங்கியதாகச் சொல்லப்படும் கல்லோடப் பாறையில் அலை ஏறி வெள்ளையாய் வழிந்துகொண்டிருந்தது. மேற்கே கண்ணுக்கெட்டிய மட்டும் பாலையும் வீரையும் அடர்ந்த காடு, அதனிடையே ஆங்காங்கே மொட்டைப் பாறைகள். தெற்கே கூமுனைச் சரணாலயத்துக் காடு; கடலோர மணல்திட்டுக்குப் பின்னால் களப்பு நீர் தகடுபோல் மின்னியது. 2006ஆம் ஆண்டு வரை யால கிழக்கு என்று அழைக்கப்பட்ட தேசியப் பூங்கா அது. நடப்பவர்களுக்கு அது முருகனின் காடு.

அம்மா தெற்கு நோக்கிப் பேத்தியின் தோளைத் திருப்பி, கையை நீட்டிச் சொல்லத் தொடங்கினார். முதல் நாள் வாகூரவட்டை. அடுத்தது கும்புக்கன் ஆறு, அங்கே மணலில் படுக்கை, மருத மர நிழல். பிறகு நாவலடி, வியாழை, வள்ளியம்மன் ஆறு, கட்டகாமம். நாற்பத்தேழு ஆண்டுகளுக்கு முன் கேட்ட இடப்பெயர்களை, அடுத்த வீட்டுப் பெயர்களைச் சொல்வதுபோல் தடங்கலின்றி வரிசையாகச் சொன்னார். எந்த இடத்தில் தண்ணீர் காண முடியாது, எங்கே வெயிலுக்கு முன் நடந்து முடிக்க வேண்டும், இரவில் ஏன் தீ அணையக் கூடாது என்பதெல்லாம் அந்தப் பெயர்களோடு வந்தன. எனக்குத் தெரியாத பாதையை என் அம்மா என் மகளிடம் ஒப்படைப்பதை நான் இருவருக்கும் நடுவில் நின்று கேட்டேன். எனக்குப் பேச வரவில்லை. "அரோகரா" என்று ஒருதரம் சொன்னேன், அவ்வளவுதான்.

இறங்கும்போது வெயில் ஏறிவிட்டதால், பாறையின் நிழல் விழும் பக்கமாகவே ஒதுங்கி இறங்கினோம். மடத்துத் திண்ணையில், வீட்டிலிருந்து கட்டிவந்த பிட்டையும் வாழைப்பழத்தையும் சாப்பிட்டோம். கிளம்புமுன் அம்மா தம் இடுப்பிலிருந்து மஞ்சள் துணி முடிச்சொன்றை எடுத்துப் பேத்தியின் கையில் வைத்தார்.

"இது கதிர்காமத்து உண்டியலுக்கு. கும்புக்கன் ஆத்தைக் கடக்கக்குள்ள இடுப்பில இருந்து எடுத்துத் தலையில கட்டிக்கொள்ளு. நான் நனைச்சுப் போட்டன்" என்றார்.