நாற்பதடிக் கிணற்றிலிருந்து கடலுக்கு

பெருந்துறைப் பக்கம் எங்கள் தோட்டத்தில் உள்ள கிணறு நாற்பதடிக்கு நாற்பதடிச் சதுரம். பாறையை வெட்டி இறக்கிய கிணறு என்பதால் மூன்று பக்கமும் செங்குத்தாக நிற்கும், ஒரு பக்கம் மட்டும் படி. எனக்கு ஆறு வயதானபோது அப்பாரு, அதாவது தாத்தா, என் முதுகில் மிதப்பதற்காகக் காய்ந்த சுரைக்காய்க் கூடான புருடையைக் கட்டி, இடுப்பில் ஒரு கயிற்றைப் போட்டு, நான்காம் படியிலிருந்து தண்ணீருக்குள் தள்ளிவிட்டார். ஒரு வாரத்தில் கயிறு கழன்றது, மறு வாரத்தில் புருடையும் கழன்றது, அந்தக் கோடை முடிவதற்குள் மோட்டார் மேடையிலிருந்து குதிக்கத் தொடங்கிவிட்டேன். அன்று முதல் 39 வயது வரை, நீச்சல் தெரியுமா என்று யார் கேட்டாலும் தெரியும் என்றே சொல்லி வந்தேன். அந்தப் பதிலைக் கோவாவின் கடல் 73 நிமிடங்களில் திருத்தி எழுதியது.

அரைத்தூர டிரையத்லான் என்பது 1.9 கி.மீ. நீச்சல், 90 கி.மீ. சைக்கிள், 21.1 கி.மீ. ஓட்டம் ஆகியவற்றை இடைவெளியின்றி ஒரே நாளில் முடிப்பது. முழுத்தூரம் இதைப்போல் இரு மடங்கு: 3.8, 180, 42.2. கோவாவில் 2019 முதல் நடந்துவரும் அயர்ன்மேன் 70.3 போட்டி இந்த அரைத்தூரத்துக்கானது (மூன்றின் மொத்தத் தூரம் மைல் கணக்கில் 70.3). மொத்தம் எட்டரை மணி நேரம் தருகிறார்கள், ஆனால் நீச்சலை மட்டும் 70 நிமிடங்களுக்குள் முடித்துக் கரையேறிவிட வேண்டும். நான் மணலில் கால் வைத்தபோது 73 நிமிடங்கள் ஆகியிருந்தன. கணுக்காலில் கட்டியிருந்த, நேரம் கணக்கிடும் சிப்பைக் கழற்றி வாங்கிக்கொண்டார்கள். விதி அது, அவர்கள் செய்தது சரி. ஆறு மாதம் மிதித்துப் பழகிய சைக்கிள் சற்றுத் தொலைவில் கம்பியில் தொங்கிக்கொண்டிருப்பதைப் பார்த்தபடி ஈரத்துணியோடு நின்றிருந்த அந்தக் கால் மணி நேரம் இன்றும் நெஞ்சில் கனக்கிறது.

நீச்சல் குளத்தில் அதே 1.9 கி.மீ. தூரத்தை 62 நிமிடங்களில் நீந்தியிருந்தேன். கடலில் என் வேகம் குறையவே இல்லை என்பதைக் கைக்கடிகாரம் பின்னர் காட்டியது. நான் நீந்திய தூரம்தான் 2,250 மீட்டர் ஆகியிருந்தது. மிதவைகளைக் குறி வைத்து நேராகப் போகத் தெரியாமல், அலை தள்ளிய பக்கம் போய், திரும்பி வந்து, மறுபடியும் விலகி, 350 மீட்டரைக் கடலுக்குத் தானமாகக் கொடுத்திருக்கிறேன். நாற்பதடிக் கிணற்றில் திசை என்ற ஒன்றைப் பற்றி யோசிக்க வேண்டியதே இல்லை. எந்தப் பக்கம் போனாலும் பத்துப் பதினைந்து கைவீச்சில் பாறை வந்துவிடும்.

அதைவிடப் பெரிய குறை தலையில் இருந்தது. கிணற்றில் கற்ற எவரும் தலையைத் தூக்கியே நீந்துவோம், ஏனென்றால் மேலிருந்து யார் குதிக்கிறார்கள் என்று பார்த்துக்கொண்டே இருந்தாக வேண்டும். தலை உயர்ந்தால் இடுப்பும் காலும் தாழும். காற்றைவிடச் சுமார் 800 மடங்கு அடர்த்தியான நீரில், தாழ்ந்த கால்கள் ஒரு மூட்டையைக் கட்டி இழுப்பதற்குச் சமம். கோவையில் 25 மீட்டர் குளம் ஒன்றில் எனக்குச் சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு வயது இருபத்து மூன்று இருக்கும். முதல் நாள் நான்கு சுற்று நீந்தவிட்டுப் பார்த்துவிட்டு, “அண்ணா, முன்னால பாக்காதீங்க, அடியில இருக்கிற கறுப்புக் கோட்டை மட்டும் பாருங்க” என்றார். அடுத்த இரண்டு மாதமும் ஏறக்குறைய அந்த ஒரு வாக்கியத்தைத்தான் வேறுவேறு விதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கன்னம் நீரில் படிந்திருக்க, ஒரு கண் நீருக்குள்ளும் ஒரு கண் வெளியிலுமாக, வாயின் ஓரத்தால் மூச்சை இழுப்பது எப்படி என்று முப்பத்து மூன்று ஆண்டு நீச்சல்காரன் முதலிலிருந்து கற்றேன். மூச்சை இழுப்பதைவிட விடுவதே முக்கியம் என்பதும் அப்போதுதான் தெரிந்தது. முகம் நீரில் இருக்கும்போதே முழுவதும் விட்டுவிட்டால் வெளியே வந்ததும் காற்று தானாக உள்ளே நுழையும். அடக்கி வைத்திருந்தால் விடவும் இழுக்கவும் ஒரே நொடியில் முயன்று திணறிப்போவோம்.

திசை பார்க்கும் வித்தையை மட்டும் கிணற்றில்தான் பழகினேன். குளத்துத் தண்ணீரில் எருமை எப்படிக் கிடக்கும் என்று பார்த்திருப்பீர்கள். கண்ணும் மூக்கும் மட்டும் வெளியே தெரியும், மீதி உடம்பு நீரோடு நீராகக் கிடக்கும். அதே போலக் கண்ணை மட்டும் நீருக்கு மேலே கொண்டுவந்து, எதிர்ப்பாறையில் சுண்ணாம்பால் நான் போட்டு வைத்திருந்த புள்ளியைப் பார்த்துவிட்டு, உடனே முகத்தைக் கவிழ்க்க வேண்டும். நாற்பதடி போய், திரும்பி, மறுபடியும் நாற்பதடி. இந்தக் கிணற்றில் 1.9 கி.மீ. நீந்துவதென்றால் 156 முறை குறுக்கே கடக்க வேண்டியிருக்கும். அவ்வளவு நான் செய்ததில்லை. 40 முறை செய்தாலே அன்றைக்குப் போதும்.

இந்தப் பயிற்சிக்குக் கிணற்றில் தண்ணீர் வேண்டும், அதற்குக் கீழ்பவானி வாய்க்காலில் தண்ணீர் வர வேண்டும். பவானிசாகர் அணையில் வழக்கமாக ஆகஸ்ட் 15 வாக்கில் மதகைத் திறந்தால், மண் கரையிலும் தரையிலும் கசிகிற நீர் சில வாரங்களில் எங்கள் கிணற்றில் படிப்படியாக ஏறும். வாய்க்காலுக்குக் கான்கிரீட் போட வேண்டுமா கூடாதா என்று எங்கள் பகுதியில் பல ஆண்டுகளாக நடக்கும் சண்டையின் உயிர்நாடி இந்தக் கசிவுதான். கசிவால் தண்ணீர் தங்கள் வயல் வரை வந்து சேரவில்லை என்னும் கடைமடைக்காரர்களின் நியாயம் எனக்குப் புரியும். ஆனாலும் பதினேழாம் படி, பதினாறாம் படி என்று ஒவ்வொன்றாக நீருக்குள் மறைவதை ஆண்டுதோறும் பார்த்து வளர்ந்தவனால், அந்தக் கசிவை வீண் என்று சொல்ல முடியவில்லை.

வாய்க்காலிலேயே நீந்தினால் என்ன என்று சில நண்பர்கள் கேட்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம். மேலே அமைதியாகத் தெரியும் நீரோட்டம் மதகுக்கு அருகில் வந்ததும் ஆளைக் கீழே இழுத்துவிடும், வழுக்கும் சரிவில் பிடித்து ஏற ஒரு வேர்கூட இருக்காது. எங்கள் ஊரில் அப்படிப் போன பிள்ளைகளின் வீடுகள் எனக்குத் தெரியும். கிணற்றில்கூடப் படியில் ஒருவர் உட்கார்ந்திருக்காமல் நான் இறங்குவதில்லை.

சைக்கிளுக்கு வாத்தியார் காற்று. பாலக்காட்டுக் கணவாய் வழியாகத் தென்மேற்குப் பருவக்காற்று கோவை, பொள்ளாச்சி, பல்லடம், உடுமலை என்று நேராகப் பாய்வதால்தான் கேத்தனூர்ப் பக்கமெல்லாம் காற்றாலைகளாக நிற்கின்றன. அம்மியைத் தூக்கும் ஆடிக் காற்றில் பல்லடத்திலிருந்து பொள்ளாச்சிச் சாலையில் தென்மேற்கே 30 கி.மீ. போய்த் திரும்புவதுதான் என் ஞாயிற்றுக்கிழமை. போகும்போது மணிக்கு 20 கி.மீ., வரும்போது 40 கி.மீ. என்று வைத்துக்கொள்ளுங்கள். சராசரி 30 என்று மனம் கணக்குப் போடும். உண்மையில் போக 90 நிமிடம், வர 45 நிமிடம், ஆக 60 கி.மீ. தூரத்துக்கு 135 நிமிடம். சராசரி 27-ஐக்கூடத் தொடாது. எதிர்க்காற்றில் இழந்ததைப் பின்காற்று முழுதாகத் திருப்பித் தருவதே இல்லை. அப்படியிருக்க, எதிர்க்காற்றில் வேகத்தைப் பிடித்து வைக்கப் பல்லைக் கடித்து மிதிப்பவர் தன் தொடையை அங்கேயே தீர்த்துவிட்டு ஓட்டத்துக்குத் தெம்பில்லாத காலோடு வருகிறார். வேகத்தைப் பார்க்காமல் இதயத் துடிப்பை 135-க்கும் 140-க்கும் இடையே வைத்துக்கொண்டு, 17 கி.மீ. வேகத்தில் போக நேர்ந்தாலும் போய்க்கொண்டே இருப்பதை இந்தச் சாலைதான் எனக்குப் பழக்கியது. நான் ஓட்டுவது அலுமினியச் சட்டம் போட்ட பழைய வண்டி. இலட்சங்களைக் கொட்டிக் கார்பன் வண்டி வாங்கிய பிறகு நீச்சல் வகுப்புக்கு மாதம் சில ஆயிரம் கொடுக்கத் தயங்கும் நண்பர்களைப் பார்க்கும்போது எனக்கு உண்மையிலேயே வருத்தமாக இருக்கிறது. முதல் முறை நானும் அதே வழியில்தான் யோசித்தேன், அதனால் சொல்கிறேன்.

உடம்பில் சேமித்து வைத்திருக்கும் மாவுச்சத்து சுமார் 2,000 கலோரிக்குத்தான் வரும். அரைத்தூரப் போட்டிக்கு அது போதாது. ஆகவே மிதித்துக்கொண்டே சாப்பிட வேண்டும், மணிக்கு 60 கிராம் மாவுச்சத்து என்பது என் அளவு. கவுந்தப்பாடி நாட்டுச் சர்க்கரை 50 கிராம், கால் தேக்கரண்டி உப்பு, ஒரு எலுமிச்சை, முக்கால் லிட்டர் தண்ணீர்; மணிக்கு ஒரு பாட்டில், அதோடு அரை வாழைப்பழம். இதில் மரபுப் பெருமை எதுவும் இல்லை, காரணம் இருக்கிறது. குடல் குளுக்கோஸை ஒரு வாசல் வழியாகவும் ஃபிரக்டோஸை வேறொரு வாசல் வழியாகவும் உள்ளே எடுக்கிறது. கரும்புச் சர்க்கரையில் இரண்டும் சேர்ந்தே இருப்பதால் வயிறு எளிதில் ஏற்றுக்கொள்கிறது. இளநீரை மட்டும் நம்பாதீர்கள். அதில் பொட்டாசியம் நிறைய உண்டு, சோடியம் குறைவு. வியர்வையில் நாம் இழப்பதோ பெரும்பாலும் சோடியம். ஓர் இளநீரில் ஒரு சிட்டிகை உப்பைப் போட்டுக் குடித்தால் சரியாகிவிடும். 1978-இல் ஹவாயின் ஓவாஹு தீவில் 15 பேர் புறப்பட்டு 12 பேர் முடித்த முதல் அயர்ன்மேன் போட்டியில், முன்னால் போய்க்கொண்டிருந்த ஜான் டன்பரின் உதவியாளர்களிடம் தண்ணீர் தீர்ந்துபோய் அவருக்குப் பீரைக் கொடுத்தார்கள். கார்டன் ஹாலர் அவரை முந்தி 11 மணி 46 நிமிடங்களில் வென்றார். அந்தக் கதையைப் படித்த நாளிலிருந்து என் சட்டைப் பையில் எப்போதும் ஒரு பொட்டலம் உப்பு இருக்கும்.

ஓட்டத்துக்கு வாய்க்கால் கரை. மேடு பள்ளம் இல்லாத மண் பாதை, ஒரு பக்கம் தண்ணீர், மறுபக்கம் தென்னையும் மஞ்சளும். தினமும் ஆடு ஓட்டி வரும் ஆத்தா ஒருவர் ஆறு மணிக்கு எதிரே வருவார். “எது வரைக்கும் சாமி?” என்று கேட்பார். “மூணாவது மதகு வரைக்கும் போயிட்டுத் திரும்பறனுங்க ஆத்தா” என்று சொல்ல வேண்டும். இந்தப் பதிலை ஒரே மூச்சில், நடுவில் இளைக்காமல் சொல்ல முடிந்தால் என் வேகம் சரி. பாதியில் மூச்சு வாங்கினால் அன்று தேவைக்கு மேல் விரட்டிக்கொண்டிருக்கிறேன் என்று பொருள். “வெயில் ஏறதுக்குள்ள வந்துரு கண்ணு” என்று சொல்லிவிட்டு அவர் போவார். இருபது வாரப் பயிற்சியில் வாரத்துக்கு ஒன்பது மணி நேரம் செலவானதென்றால், அதில் ஏழரை மணி நேரமாவது இந்தப் பேச்சு வேகத்தில்தான் கழிந்தது.

அந்த ஒன்பது மணி நேரம் வீட்டிலிருந்து வந்தது. மில் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவனுக்கு மார்ச் மாதம் என்ன பாடு என்று தெரிந்தவர்களுக்குப் புரியும். “ஏனுங்க, ஞாயித்துக்கெழம பத்து மணிக்கு மேல நீங்க எங்களுக்குத்தானுங்க” என்று மனைவி போட்ட நிபந்தனையை ஒருமுறைகூட மீறக் கூடாதென்று வைத்துக்கொண்டேன். அதனால் மூன்று மணிக்கு எழுந்திருக்க வேண்டியதாயிற்று. சனிக்கிழமை இரவு எட்டரைக்கு அரிசியும் பருப்பும் சோற்றில் நெய் விட்டுச் சாப்பிட்டுவிட்டுப் படுத்தால் அது நடந்துவிடும்.

இரண்டாம் முறை கோவாவில் 58 நிமிடங்களில் கரையேறினேன். மணலில் ஓடும்போது கால் நடுங்கியது, கடிகாரத்தைப் பார்த்தேன், மறுபடியும் பார்த்தேன். சைக்கிள் 3 மணி 42 நிமிடம். ஓட்டத்தில்தான் கொங்கு உடம்புக்குக் கடற்கரை என்ன செய்யும் என்பது தெரிந்தது. எங்கள் ஊரில் வெயில் கடுமையாக இருந்தாலும் காற்று உலர்ந்தது. வியர்வை ஆவியாகி உடம்பைக் குளிர்விக்கும். அங்கே வியர்வை ஆவியாகாமல் சொட்டிக்கொண்டே இருக்க, உள்ளே சூடு ஏறிக்கொண்டே போனது. தண்ணீர் கொடுக்கும் இடங்களில் எல்லாம் நின்று, தொப்பிக்குள் பனிக்கட்டியை வைத்து, 30 அடி நடந்து, மறுபடியும் ஓடினேன். எட்டாவது கி.மீ. அருகே என்னை விரைவாகக் கடந்து போன இளைஞர் ஒருவர் பதினைந்தாவதில் சாலையோரம் உட்கார்ந்திருந்தார். உப்புப் பொட்டலத்தில் பாதியை அவர் கையில் கொட்டிவிட்டுப் போனேன். 21.1 கி.மீ. ஓட 2 மணி 50 நிமிடம். இடையில் உடை, காலணி மாற்றிய 14 நிமிடங்களையும் சேர்த்து 7 மணி 44 நிமிடம்.

அடுத்து முழுத்தூரம். 3.8 கி.மீ. நீச்சல் என்பதால் இந்த ஆண்டு குளத்துக்கு வாரம் மூன்று நாள் போகிறேன். வாய்க்காலில் தண்ணீர் விட்டுப் பதினெட்டு நாள் ஆகிறது; நேற்று மாலை கிணற்றில் பன்னிரண்டாம் படி வரை நீர் ஏறியிருந்தது. ஏழு வயது மகள் முதுகில் புருடையோடு ஐந்தாவது நாளாக இறங்கினாள். இடுப்புக் கயிறு என் கையில் இருந்தது. எதிர்ப்பாறையின் சுண்ணாம்புப் புள்ளி மழையில் மங்கிப் போயிருந்ததால், அவளுக்கும் தெரியும்படி கொஞ்சம் பெரிதாக வரைந்து வைத்திருக்கிறேன்.