பார்க்கலையே சார்

பெல்லந்தூர் பக்கம் ஒரு ஐடி கம்பெனியில் டிரான்ஸ்போர்ட் டெஸ்க்கில் 11 வருஷமாக வேலை பார்க்கிறேன். ரோஸ்டர் போடுவது, கேப் ஒதுக்குவது, யார் எத்தனை மணிக்கு எந்த கேட்டில் நிற்க வேண்டும் என்று சொல்வது, யாராவது வராமல் போனால் ‘நோ ஷோ’ என்று குறித்துவிட்டு வண்டியைக் கிளப்பச் சொல்வது, நாள் முழுக்க இதுதான். பெங்களூர் ரோட்டில் தினமும் காலையில் நூற்றுச் சொச்சம் கார்களை இறக்கிவிடுகிறவர்களில் நானும் ஒருவன். ஆனால் நான் பொம்மனஹள்ளியிலிருந்து சைக்கிளில்தான் வருகிறேன். சில்க் போர்டு, அகரா, இப்பலூர் தாண்டி சுமார் 9 கிலோமீட்டர்.

2020ல், கொரோனா ஊரடங்கு தளர்ந்த சமயத்தில், சில்க் போர்டிலிருந்து கே.ஆர்.புரம் வரை அவுட்டர் ரிங் ரோட்டில் 17 கிலோமீட்டருக்கு சைக்கிள் பாதை என்று கம்பம் நட்டு ஒதுக்கினார்கள். அதை நம்பித்தான் சைக்கிள் வாங்கினேன். கொஞ்ச நாளில் கம்பங்கள் ஒவ்வொன்றாகச் சாய்ந்தன, உள்ளே பைக் ஓட்டினார்கள், கார் நிறுத்தினார்கள், அப்புறம் மெட்ரோ வேலை ஆரம்பித்ததும் பல இடத்தில் பாதையே காணாமல் போய்விட்டது. சைக்கிள் மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

ஒரு ஜூன் மாதம், மழை தூறிக்கொண்டிருந்த காலை, இப்பலூர் தாண்டினதும் ஒரு வெள்ளை கார் சட்டென்று இடது பக்கம் ஒடித்தது. அதன் சைடு கண்ணாடி என் முழங்கையில் இடித்ததில் நடைபாதைக் கல் ஓரம் விழுந்தேன். காரை நிறுத்திவிட்டு ஓடி வந்தவர் எங்கள் டிரைவர்தான். கிருஷ்ணகிரிக்காரர், தினமும் ராத்திரி என் டெஸ்க்கில் டிரிப் ஷீட்டில் கையெழுத்துப் போடுகிறவர், தன் பெண் பிளஸ் டூவில் வாங்கின மார்க்கை எனக்கு முதலில் சொன்னவர். “ஐயோ சார், நீங்களா? பார்க்கலையே சார், சத்தியமா பார்க்கலையே” என்று திரும்பத் திரும்பச் சொன்னார். பாட்டில் தண்ணீரை என் கையில் ஊற்றும்போது அவர் கைதான் அதிகமாக நடுங்கியது. அவர் பொய் சொல்லவில்லை. முந்தின ராத்திரி 1 மணிக்குக் கடைசி டிராப், காலை 6 மணிக்கு முதல் பிக்கப். அந்த ரோஸ்டரைப் போட்டது நான்.

அதற்கு அடுத்த வாரம் கேன்டீனில், லண்டன் போய் வந்த ஒருவர் போனில் ஒரு வீடியோ காட்டினார். நூற்றுக்கணக்கான ஆண்களும் பெண்களும் உடம்பில் துணி இல்லாமல் நகரத்தின் நடுவே சைக்கிள் ஓட்டிப் போகிறார்கள். மேஜையைச் சுற்றி ஒரே சிரிப்பு. எனக்குச் சிரிப்பு வரவில்லை. தொப்பையும் நரைத்த முடியுமாக ஒரு பெரியவர், அவர் முதுகில் பெயின்ட்டால் ஆங்கிலத்தில் ‘இப்போதாவது நான் தெரிகிறேனா?’ என்று எழுதியிருந்தது. அந்த இடத்தில் வீடியோவை நிறுத்தச் சொல்லி இன்னொரு தடவை பார்த்தேன். முழங்கைக் கட்டை இன்னும் பிரிக்கவில்லை.

அன்று ராத்திரி உட்கார்ந்து படித்தேன். ‘உலக நிர்வாண சைக்கிள் ஊர்வலம்’ என்று இதற்குப் பேர். கனடாவின் வான்கூவரைச் சேர்ந்த கான்ராட் ஷ்மிட் என்பவர் 2004ல் இதைப் பல ஊர்களில் ஒரே சமயம் நடக்கிற ஊர்வலமாக ஆரம்பித்திருக்கிறார். ஸ்பெயினில் சரகோசா என்ற ஊரில் 2001லேயே இப்படிப் போயிருக்கிறார்கள். எண்ணெயையும் காரையும் நம்பியே வாழ்வதற்கும், அது கக்குகிற புகைக்கும் எதிர்ப்பு. முழுசாகக் கழற்ற வேண்டும் என்று கட்டாயம் கிடையாது, அவரவர் துணிச்சலுக்கு ஏற்றபடி வரலாம். இங்கிலாந்துச் சட்டப்படி வெறும் உடம்போடு இருப்பது மட்டுமே குற்றமாகாது, பிறரைப் பதற வைக்கும் நோக்கம் இருந்தால்தான் குற்றம். அதனால் லண்டனில் போலீஸ் பார்க்க இவர்கள் போக முடிகிறது.

காருக்கும் சைக்கிளுக்கும் என்ன வித்தியாசம் என்று அந்த ரோட்டில் விழுந்தவனுக்கு விளக்க வேண்டியதில்லை. கார்க்காரருக்கு இரும்பு, கண்ணாடி, பெல்ட், காற்றுப்பை எல்லாம் இருக்கிறது. சைக்கிள்காரருக்குத் தோல்தான். நான் சட்டை போட்டிருந்தாலும் அந்த ரோட்டில் அம்மணம்தான். அவர்கள் அதை மறைக்காமல் காட்டுகிறார்கள், அவ்வளவுதான். புகையும் அப்படித்தான். ஆபீஸ் வந்ததும் வெள்ளைக் கர்ச்சீப்பில் மூக்கைத் துடைத்தால் இரண்டு கறுப்புக் கோடு விழும், கழுத்துப் பட்டையில் மை தேய்த்த மாதிரி இருக்கும். காற்றில் நுண்தூசி, அதுதான் பிஎம் 2.5, வருஷச் சராசரியாக ஒரு கன மீட்டருக்கு 5 மைக்ரோகிராமுக்கு மேல் போகக் கூடாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021ல் சொல்லிவிட்டது. நம் நாட்டு வரம்பு இன்னும் 40.

இந்த ஊரில் அப்படி ஒரு ஊர்வலம் நடக்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன். பொது இடத்தில் ஆபாசம் என்று சட்டப்பிரிவு இருக்கிறது, மூன்று மாதம் வரை உள்ளே வைக்கலாம். அதைவிட, ஒரு பெண் அப்படி வந்தால் அவளுக்கு இங்கே என்ன நடக்கும் என்று நினைக்கவே பயமாக இருக்கிறது. நம் நாட்டில் உடம்பைப் போராட்டமாக்கியவர்கள் வேறு வழியே இல்லாமல் போனவர்கள். அதே 2004 ஜூலையில் இம்பாலில் காங்லா கோட்டை வாசலில் துணியில்லாமல் நின்ற மணிப்பூர்த் தாய்மார்கள், 2017ல் மண்டை ஓடுகளோடு டெல்லிக்குப் போய் பிரதமரைச் சந்திக்க முடியாமல் அவர் அலுவலகம் அருகே துணியைக் களைந்து ஓடிய தமிழ்நாட்டு விவசாயிகள். கேட்டுக் கேட்டு யாரும் திரும்பிப் பார்க்காதபோது மிச்சம் இருந்தது உடம்பு ஒன்றுதான்.

கேப் வேண்டாம் என்றும் என்னால் சொல்ல முடியாது. 2005 கடைசியில் இந்த ஊரில் கால் சென்டர் பெண் ஒருத்தி ராத்திரி வேலைக்குக் கிளம்பிக் கொலையானாள். பெண் தனியாக இருக்கிற ராத்திரி டிரிப்பில் காவலுக்கு ஆள் ஏற்றாமல் நான் ஒரு வண்டியையும் நகர்த்தமாட்டேன். ஆனால் பகல் ஷிஃப்டில், இரண்டு கிலோமீட்டருக்குள் குடியிருக்கிற ஆள் ஒருவருக்காக நான்கு சீட் கார் போகிறதே, அதைத்தான் கேட்கிறேன்.

நான் செய்ய முடிந்தது இரண்டுதான். ராத்திரி டிராப் முடித்தவருக்கு மறுநாள் காலை பிக்கப் போடுவதை நிறுத்தினேன். செலவு கூடுகிறது என்று மேலே சண்டை நடந்தது, விட்டுக்கொடுக்கவில்லை. அப்புறம் சைக்கிள் ஸ்டாண்ட். அதுவரை என் சைக்கிளை மெயின் கேட்டில் விடமாட்டார்கள், பின்பக்கம் டீசல் ஜெனரேட்டர் ஓரம்தான் இடம். ஒன்றரை வருஷம் மெயில் போட்டு, பேஸ்மென்ட்டில் 20 சைக்கிளுக்கு ஸ்டாண்ட் வாங்கினேன்.

ஸ்டாண்ட் வந்த முதல் வாரம் அதில் 3 சைக்கிள் நின்றது. ஜெனரேட்டர் ஓரம் போய்ப் பார்த்தேன், 14 நின்றது. தோட்ட வேலை செய்கிறவர்கள், ஹவுஸ்கீப்பிங், செக்யூரிட்டி. பல வருஷமாக இந்த ரோட்டில் தினமும் சைக்கிளில் வருகிறவர்கள். ஹெல்மெட் இல்லை, பின்னால் விளக்கு இல்லை. நானே அவர்களை அதுவரை எண்ணிப் பார்த்ததில்லை. “உள்ளே கொண்டுபோய் விடுங்களேன் அண்ணா” என்றேன் ஒரு செக்யூரிட்டியிடம். “எங்களுக்கு ஐடி கார்டு கலர் வேற சார், கீழே விடமாட்டாங்க” என்றார்.

கான்ட்ராக்ட் ஆட்களுக்கும் அந்த ஸ்டாண்ட் வேண்டும் என்று எழுதி அனுப்பியிருக்கிறேன். பதில் வரவில்லை. வியாழக்கிழமை ஃபெசிலிட்டி மீட்டிங் இருக்கிறது, அந்த 14 சைக்கிளையும் போட்டோ எடுத்து வைத்திருக்கிறேன்.