பெயர் எழுதாமல் விட்ட வரி

பறவைக் கணக்கெடுப்புத் தாளில் ‘நாணல் கதிர்க்குருவி, இனம் உறுதியில்லை, 1’ என்று நான் எழுதியதைப் பார்த்துவிட்டு, உடன் வந்த மாணவர் கேட்ட கேள்வி இன்னும் மனத்தை அரித்துக்கொண்டிருக்கிறது: “சார், ஜனவரி மாசம் நம்ம ஊர்ப் புதர்ல இருக்கிறது பிளைத்ஸ் தானே? இதையே எழுத முடியலைன்னா நாம எதுக்கு எண்ணுறோம்?”

கேள்வியில் நியாயம் இருந்தது. குளிர்காலத்தில் தமிழகத்துப் புதர்களெங்கும் பிளைத்ஸ் நாணல் கதிர்க்குருவி உண்டு. ‘செக், செக்’ என்ற குரல் கேட்டால் பறவையைப் பார்க்காமலே எழுதிவிடுவேன். அன்று அது வாய் திறக்கவில்லை. வேலிக்காத்தான் நிழலில் கிளைக்குக் கிளை தாவியபோது தெரிந்ததெல்லாம் மங்கிய பழுப்பு முதுகு, கண்ணைத் தாண்டி நீளாத வெளிர் புருவக்கோடு, பிறகு அந்த அலகு. இலையடியில் எதையோ கொத்தியபோது அது முகத்துக்குப் பொருந்தாத நீளமாகப் பட்டது. வயல்வெளிக் கதிர்க்குருவிக்குப் புருவம் எடுப்பாக இருக்கும், அலகும் குட்டை. ஆகவே அது இல்லை. அதற்குமேல் சொல்ல என் கண் இடம் தரவில்லை.

பிளைத்ஸைப் போலவே தோன்றும் இன்னோர் இனம் உண்டு: பெரிய அலகு நாணல் கதிர்க்குருவி. அதை 1867இல் சட்லெஜ் பள்ளத்தாக்கில் பறவையியலாளர் ஹியூம் சேகரித்த ஒற்றைப் பறவையைக் கொண்டே உலகம் அறிந்திருந்தது. 2006 மார்ச்சில் தாய்லாந்தின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையம் ஒன்றில், பறவைகளின் காலில் அடையாள வளையமிடும் பணியின்போது இன்னொன்று வலையில் சிக்கியது. அதன் பிறகு தேடியதில், இங்கிலாந்தின் டிரிங் அருங்காட்சியகத்தில் பிளைத்ஸ் என்ற பெயரோடு கிடந்த பாடம்செய்த பறவைகளிடையே, 1869இல் இந்தியாவில் பிடிபட்ட ஒன்றும் அகப்பட்டது. நான் கண்டது அந்த அரிய பறவை என்று சொல்லவில்லை, பிளைத்ஸாகவே இருந்திருக்கலாம். ஆனால் குரல் கொடுக்காத நிலையில் இவ்விரண்டையும் பிரிக்க, கையில் பிடித்து அளந்தாக வேண்டும். ‘பிளைத்ஸ் தானே’ என்ற உறுதிதான் ஒரு பறவையை நூறாண்டுக்கு மேல் இழுப்பறையில் மறைத்து வைத்தது.

ஹியூமும் என்னைப் போல் ‘உறுதியில்லை’ என்று எழுதியிருந்தால் தேடுவதற்கே ஒரு பெயர் இருந்திருக்காது என்பதும் உறுத்துகிறது. நான் ஐயப்பட்டு விடும் ஒவ்வொரு பறவையும் பிளைத்ஸ் கணக்கிலிருந்து கழிகிறது. பின்னாளில் எண்ணிக்கை சரிந்ததாக யாரேனும் சொன்னால், குறைந்தது பறவையா, எண்ணியவரின் துணிவா என்று எப்படிப் பிரிப்பார்கள்?

“அலகைப் பார்த்தீங்களா, தம்பி?” என்று மட்டுமே அன்று கேட்டேன். “பார்த்தேன் சார், பிளைத்ஸுக்கும் அலகு நீளம் தானே” என்றார். அதுவும் உண்மை.

நான் தாளைத் திருத்தவில்லை. மறுநாள் அவர் தனியே எண்ணிய தாளில் பிளைத்ஸ் வரிசையாக இருந்தன, ஐயம் என்று ஒன்றுகூட இல்லை. அவற்றுள் எத்தனை குரல் கொடுத்தன என்று கேட்க நினைத்தேன், கேட்காமலே கையெழுத்திட்டேன்.