மேஸ்திரியின் கேம்பரும் என் கேம்பரும்

பத்தொன்பது ஆண்டுகளாகப் பத்தாம் வகுப்புக்கு முக்கோணவியல் நடத்தி வருகிறேன். கோபுரத்தின் உயரம், கலங்கரை விளக்கத்தின் உச்சியிலிருந்து தெரியும் படகின் தொலைவு, புயலில் முறிந்து தரையைத் தொட்டு நிற்கும் மரம் என்று கணக்கற்ற முக்கோணங்களைக் கரும்பலகையில் வரைந்திருக்கிறேனே தவிர, சொந்தத் தேவைக்காக ஒரு முறைகூட 'டேன்' போட்டுப் பார்த்ததில்லை. சென்ற காலாண்டு விடுமுறையில் அந்தக் குறை தீர்ந்தது. தீர்த்து வைத்தது என் 2006-ஆம் ஆண்டு மாருதி 800.

தஞ்சாவூரிலிருந்து வல்லம் செல்லும் சாலையில் ஸ்டீயரிங்கைச் சற்றே தளர்த்திப் பிடித்தால் வண்டி மெதுவாக இடப்பக்கம் ஒதுங்கத் தொடங்கியது. முன்சக்கர டயர்கள் இரண்டும் உள்விளிம்பில் தேய்ந்திருந்தன. கையால் தடவினால் ஒரு திசையில் வழவழப்பாகவும் மறுதிசையில் ரம்பப் பல்லைப் போலவும் இருந்தன. வீல் அலைன்மென்ட் பார்க்கும் கடைக்குப் போனேன். 400 ரூபாய் வாங்கிக்கொண்டு, எல்லாக் கட்டங்களும் பச்சை நிறத்தில் இருந்த ஒரு தாளைக் கையில் கொடுத்தார்கள். தாள் பச்சையாக இருந்ததே ஒழிய, வண்டி முன்புபோலவே இடப்பக்கம் ஒதுங்கியது. ஒரு வாரம் பொறுத்து வேறு கடைக்குப் போனேன். அங்கே தாளில் ஒரு கட்டம் மட்டும் சிவப்பாக இருந்தது. "லெஃப்ட் கேம்பர் அவுட் சார். இந்த வண்டியில கேம்பருக்கு அட்ஜஸ்ட்மென்ட் கிடையாது. ஜாக்கி வெச்சு வளைச்சுத்தான் எடுக்கணும், 1,200 ரூபா ஆகும்" என்றார் அங்கிருந்த இளைஞர். நல்ல நிலையில் இருக்கும் பாகத்தை ஜாக்கி வைத்து வளைப்பது என்பதை என் மனம் ஏற்கவில்லை. ஒரே வண்டிக்கு ஒரே வாரத்தில் இரண்டு விடைகள் வருமானால், ஒரு விடைத்தாளாவது தவறாகத் திருத்தப்பட்டிருக்க வேண்டும். மறுமதிப்பீட்டை நானே செய்வதென்று முடிவெடுத்தேன்.

அளக்க வேண்டிய கோணங்கள் முக்கியமாக மூன்று. மேலிருந்து பார்க்கும்போது முன்சக்கரங்கள் இரண்டும் முன்பக்கத்தில் ஒன்றையொன்று நெருங்கியிருக்கின்றனவா, விலகியிருக்கின்றனவா என்பது டோ. முன்னாலிருந்து பார்க்கும்போது சக்கரத்தின் தலை வெளியே சாய்ந்திருக்கிறதா, உள்ளே சாய்ந்திருக்கிறதா என்பது கேம்பர். சைக்கிளின் முன் ஃபோர்க் பின்னோக்கிச் சாய்ந்திருப்பதைப்போலத் திருப்பு அச்சு சாய்ந்திருப்பது காஸ்டர். திருப்பிய ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்புவதில் இதற்குப் பெரும்பங்கு உண்டு. இவற்றை அளக்கக் கடைக்காரரிடம் கேமராக்களும் கணினியும் இருந்தன. என்னிடம் ஜாமெட்ரி பாக்ஸ் இருந்தது.

முதலில் டோ. போர்டிகோவில் வண்டியின் இரு பக்கமும் செங்கற்களை அடுக்கி, சக்கர நடுவின் உயரத்தில் நைலான் நூலை முன்னிருந்து பின் வரை இழுத்துக் கட்ட வேண்டும். இரண்டு நூல்களும் ஒன்றுக்கொன்று இணையாக இருக்க வேண்டும். வண்டியின் நடுக்கோட்டுக்கும் இணையாக இருக்க வேண்டும். இங்கே ஒரு பொறி உண்டு. இந்த வண்டியில் பின்சக்கரங்களின் இடைவெளி முன்சக்கரங்களின் இடைவெளியைவிடச் சுமார் 15 மில்லிமீட்டர் குறைவு. அதனால் நூல் பின்சக்கரத்திலிருந்து ஒவ்வொரு பக்கமும் 7.5 மில்லிமீட்டர் கூடுதலாக விலகியிருந்தால்தான் அது நேர்நூல். இதை அறியாமல் நான்கு சக்கரத்துக்கும் சம தூரத்தில் நூல் கட்டி, முன்சக்கரம் இரண்டும் கோணல் என்று ஒரு மணி நேரம் வருந்தினேன்.

நூல் தேவையான அளவு என்னிடம் இல்லை. பக்கத்து மனையில் காம்பவுண்டுச் சுவர் எழும்பிக்கொண்டிருந்தது. அங்கிருந்த மேஸ்திரியிடம் கேட்டு நூலையும் தூக்குக்குண்டையும் இரவல் வாங்கி வந்தேன். எத்தனை நேரத்துக்கு என்று அவர் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை.

ரிம்மின் முன்விளிம்பிலிருந்து நூலுக்கு உள்ள தூரத்தையும் பின்விளிம்பிலிருந்து உள்ள தூரத்தையும் இரும்பு அளவுகோலால் அளந்தேன். இடப்பக்கம் முன்னே 68, பின்னே 70. வலப்பக்கம் முன்னே 69, பின்னே 71. பள்ளங்களில் விழுந்து ரிம் நெளிந்திருந்தால் அந்த நெளிவும் அளவில் கலந்துவிடும் என்பதால், வண்டியை அரைச்சுற்று உருட்டி மறுபடியும் நூல் கட்டி அளந்து சராசரி எடுத்தேன். மாற்றம் இல்லை. சக்கரத்துக்கு 2 மில்லிமீட்டர், மொத்தம் 4 மில்லிமீட்டர் வெளிநோக்கி விலகியிருந்தது. ரிம்மின் குறுக்களவு விளிம்போடு சேர்த்து ஏறக்குறைய 330 மில்லிமீட்டர். 330-இல் 1 என்பது டேன் கணக்கில் 10 கலைக்குச் சற்று மேல்; ஒரு கலை என்பது பாகையில் அறுபதில் ஒரு பங்கு. இவ்வளவு அழகாக முழு எண்ணை ஒட்டி வரும் கணக்கைப் பாடநூல்கூட எனக்குத் தந்ததில்லை. அந்த வீதத்தில் 4 மில்லிமீட்டருக்கு மொத்தம் 40 கலைக்குச் சற்று மேல். டயரின் உள்விளிம்பு தேய்ந்ததற்குக் காரணம் கிடைத்துவிட்டது. முதல் கடையின் பச்சைத் தாளை மடித்து ஸ்கூட்டர் சாவிக்கு அடியில் வைத்தேன்.

அடுத்தது கேம்பர். மட்கார்டில் ஒரு பென்சிலைச் செல்லோடேப்பால் ஒட்டி, அதிலிருந்து தூக்குக்குண்டைத் தொங்கவிட்டேன். காற்று நின்று குண்டு அடங்கும்வரை நானும் மூச்சை அடக்கிக்கொண்டு குந்தியிருந்தேன். இடச்சக்கரத்தில் மேல்விளிம்புக்கும் நூலுக்கும் 31, கீழ்விளிம்புக்கும் நூலுக்கும் 38. அதாவது சக்கரத்தின் தலை 7 மில்லிமீட்டர் வெளியே சாய்ந்திருக்கிறது. ஒரு பாகையும் 13 கலையும். வலச்சக்கரத்தில் மேலே 36, கீழே 35. தலை 1 மில்லிமீட்டர் உள்ளே. இடத்துக்கும் வலத்துக்கும் இவ்வளவு வேறுபாடா? எனக்கு வியர்த்தது. இரண்டாம் கடை இளைஞர் சொன்னது உண்மைதான் போலும். ஜாக்கியும் 1,200 ரூபாயும் கண்முன் வந்து நின்றன.

மனத்தை வேறு பக்கம் திருப்புவதற்காகக் காஸ்டரை எடுத்துக்கொண்டேன். சக்கரத்தை வெளிப்புறம் 20 பாகையும் உட்புறம் 20 பாகையும் திருப்பி, இரண்டு நிலையிலும் கேம்பரை அளந்து, வேறுபாட்டை ஏறக்குறைய ஒன்றரையால் பெருக்கினால் காஸ்டர் கிடைத்துவிடும். தரையில் நின்றபடி சக்கரத்தைத் திருப்பினால் டயர் தரையைப் பிடித்துக்கொண்டு முறுகும் என்பதால் அடியில் சுழலும் தட்டு வேண்டும். வீடு கட்டியபோது மீந்த டைல்ஸ் நான்கு மாடியில் இருந்தன. இரண்டு டைல்ஸின் வழவழப்பான முகங்களுக்கு நடுவில் கிரீஸ் தடவி ஒவ்வொரு முன்சக்கரத்தின் அடியிலும் ஒரு ஜோடி வைத்தேன். ஜாக்கியை இறக்கியதும் மேல் டைல் வெண்ணெய்மீது வைத்த கத்தியைப் போல நழுவியது. நான் பெருமையோடு நிமிர்ந்தபோது கிரீஸ் தடவிய கையால் நெற்றியைத் துடைத்திருந்தேன் என்பதை என் மனைவியின் முகத்தைப் பார்த்துத்தான் அறிந்தேன்.

இடச்சக்கரம் 20 பாகை திரும்பியபோது வலச்சக்கரம் 20 பாகை திரும்பவில்லை. கோணமானியை இரண்டு முறை துடைத்துப் பார்த்தேன். பிறகுதான், வளைவில் உட்சக்கரம் சிறிய வட்டத்தில் ஓடுவதால் அது கூடுதலாகத் திரும்பியாக வேண்டும் என்பது நினைவுக்கு வந்தது. 1818-இல் லண்டனில் ஆக்கர்மன் காப்புரிமை பெற்ற ஏற்பாடு அது. மூளை மியூனிக்கைச் சேர்ந்த கோச்சு வண்டித் தச்சர் லங்கென்ஸ்பெர்கருடையது, பெயர் மட்டும் ஆக்கர்மனுக்குப் போய்விட்டது. ஒவ்வொரு சக்கரத்தையும் தனித்தனியே 20 பாகைக்குத் திருப்பி அளந்ததில் இரு பக்கமும் காஸ்டர் ஏறக்குறைய மூன்றரைப் பாகை வந்தது. இரண்டும் சமம். அப்படியானால் இடப்பக்கம் அடிபட்டு வளைந்திருக்க வாய்ப்புக் குறைவாயிற்றே என்று நான் நெற்றியைச் சுருக்கிக்கொண்டிருந்தபோது, தூக்குக்குண்டைத் தேடிக்கொண்டு மேஸ்திரி வந்து சேர்ந்தார்.

செங்கல், நூல், தொங்கும் குண்டு, வண்டிக்கு அடியில் டைல்ஸ், என் நெற்றியில் கரி. எல்லாவற்றையும் நிதானமாகப் பார்த்தார்.

"என்ன சார், வண்டிக்கு வாஸ்து பாக்குறீங்களா?"

"இல்லை மேஸ்திரி, கேம்பர் பார்க்கிறேன்."

"கேம்பர் ரோட்டுக்குல்ல சார் இருக்கும்?"

எனக்கு ஒரு கணம் புரியவில்லை. அவர் முன்பு சாலை போடும் ஒப்பந்தக்காரரிடம் வேலை பார்த்தவர். மழைநீர் வழிந்தோடுவதற்காகச் சாலையின் நடுவை உயர்த்தி ஓரங்களைத் தாழ்த்திப் போடும் சாய்வுக்கும் கேம்பர் என்றுதான் பெயர். என் கேம்பர் சக்கரத்தில் இருந்தது. அவருடைய கேம்பர் தரையில் இருந்தது. அவர் தம்முடைய கேம்பரையே பிடித்துக்கொண்டார்.

"உங்க போர்டிகோவுலயும் கேம்பர் இருக்கே சார். தண்ணி அந்தப் பக்கம்தானே போவுது?" என்று இடப்பக்கச் சாக்கடையைக் காட்டினார்.

அவரே போய் டியூப் லெவல் எடுத்து வந்தார். ஒளி ஊடுருவும் குழாயில் தண்ணீர் நிரப்பி, ஒரு முனையை வலச்சக்கரத்தின் அருகிலும் மறுமுனையை இடச்சக்கரத்தின் அருகிலும் பிடித்தோம். குழாயில் ஒரு காற்றுக் குமிழி மாட்டிக்கொண்டிருந்தது; அதைச் சுண்டிச் சுண்டி மேலே ஏற்றி வெளியேற்றும்வரை மட்டம் பார்க்க அவர் மறுத்துவிட்டார். பிறகு, "அஞ்சு நூலுக்குக் கொஞ்சம் கொறையா எறக்கம் சார்" என்றார். கொத்தனார் கணக்கில் ஒரு நூல் என்பது அங்குலத்தில் எட்டில் ஒரு பங்கு. அளவுகோலில் பார்த்தேன், 15 மில்லிமீட்டர்.

முன்சக்கரங்களின் இடைவெளி 1,215 மில்லிமீட்டர். அதில் 15 மில்லிமீட்டர் இறக்கம் என்றால் 330-க்கு 4 மில்லிமீட்டர். இடப்பக்கம் வெளியே 7 எனக் காட்டியதில் 4 தரையின் பங்கு; வலப்பக்கம் உள்ளே 1 எனக் காட்டியதும் தரையின் 4 குறுக்கிட்டதால்தான். கழித்தும் கூட்டியும் பார்த்தால் இரு பக்கமும் வெளியே 3 மில்லிமீட்டர், அதாவது அரைப் பாகை. மயிரிழை வேறுபாடுகூட இல்லை. சாய்ந்திருந்தது வண்டியன்று, என் வீடு. காஸ்டரில் மட்டும் இந்தக் குளறுபடி வராததற்குக் காரணம், அது இரண்டு அளவுகளின் வேறுபாடு. கழிக்கும்போது தரையின் சாய்வும் அடிபட்டுப் போய்விடுகிறது. இதைப் பள்ளிக்கூடத்தில் ஒரு மாணவன் கவனிக்காமல் விட்டிருந்தால் நான் சும்மா விட்டிருக்க மாட்டேன்.

மேஸ்திரிக்கு என் கழித்தலில் நம்பிக்கை இல்லை. கிரீஸைத் துடைத்துவிட்டு, இடப்பக்க முன்சக்கரத்துக்கு அடியில் இரண்டு டைல்ஸ், பின்சக்கரத்துக்கு அடியில் இரண்டு டைல்ஸ் என்று அடுக்கி வண்டியை ஏற்றச் சொன்னார். இரண்டு டைல்ஸின் கனம் 15 மில்லிமீட்டரை ஒட்டியே இருந்தது. ஏறும்போது இரண்டு உடைந்தன. ஆனாலும் மறுபடி குண்டு தொங்கவிட்டு அளந்தபோது இரு பக்கமும் 3. அந்த இரண்டாம் கடையின் லிஃப்டுக்கும் ஒரு டியூப் லெவல் பிடித்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு இன்றுவரை ஆசை. கேட்கத் துணிவு வரவில்லை.

டோவைச் சரிசெய்வதுதான் மீதி. ஸ்டீயரிங்கைச் சக்கரத்தோடு இணைக்கும் டை ராடின் நட்டு துருப்பிடித்து இறுகியிருந்தது. இடப்பக்கம் கழன்றது, வலப்பக்கம் கழலவில்லை. கழன்றதை மட்டும் திருகி, 4 மில்லிமீட்டரையும் அந்த ஒரே பக்கத்தில் தீர்த்துவிட்டேன். மொத்தம் சுழியம், நூல் பிடித்தாற்போல் இருந்தது. மேஸ்திரியை முன்னிருக்கையில் அமர்த்திக்கொண்டு வெளியே கிளம்பினோம். வண்டி நேராக ஓடியது, ஆனால் ஸ்டீயரிங் இடப்பக்கம் 6 பாகை சாய்ந்திருந்தது. இரண்டு பக்கமும் பாதிப் பாதியாகத் தீர்க்க வேண்டியதை ஒரு பக்கமே தீர்த்தால் இதுதான் நேரும் என்பது அரைக் கிலோமீட்டர் போன பிறகுதான் உறைத்தது.

ஸ்டீயரிங்கைத் தளர்த்தினேன். வண்டி மெல்ல இடப்பக்கம் ஒதுங்கியது.

"இன்னும் போகுதே மேஸ்திரி!"

அவர் சிரித்தார். "ஆளில்லாத ரோடுதானே, அந்தப் பக்கம் ஏறி ஓட்டுங்க."

முன்னும் பின்னும் பார்த்துவிட்டு, சாலையின் வலப்பாதியில் நூறு மீட்டர் ஓட்டினேன். வண்டி அதே நிதானத்தோடு வலப்பக்கம் ஒதுங்கியது.

"அது எங்க கேம்பர்" என்றார் மேஸ்திரி.

வீட்டு வாசலுக்குத் திரும்பியபோது பக்கத்து மனைக்காரர் இடுப்பில் கைவைத்து நின்றிருந்தார். அவருக்குப் பின்னால் சித்தாள்கள் இருவர் நிழலில் உட்கார்ந்து வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தனர். நூலும் இல்லை, குண்டும் இல்லை, மேஸ்திரியும் இல்லை. சுவர் காலையில் இருந்த உயரத்திலேயே இருந்தது. மேஸ்திரிக்கு அரை நாள் கூலி 550, சித்தாள்களுக்கு ஆளுக்கு 300, ஆக 1,150 ரூபாயை நான் கொடுத்தேன். ஜாக்கி வைத்து வளைக்க 1,200 கேட்டார்கள். 50 ரூபாய் மிச்சம் என்று மனைவியிடம் கணக்கு ஒப்பித்தேன். உடைந்த டைல்ஸைச் சுட்டிக்காட்டியதோடு அவர் உள்ளே போய்விட்டார்.

ஸ்டீயரிங் இன்னும் இடப்பக்கம் 6 பாகை சாய்ந்துதான் இருக்கிறது. வலப்பக்க நட்டுக்குத் தினமும் எண்ணெய் விட்டு வருகிறேன். அடுத்த புதன்கிழமை கழற்றிப் பார்க்கலாம் என்று மேஸ்திரி சொல்லியிருக்கிறார். பக்கத்து மனைக்காரரிடம் நாங்கள் இருவருமே இன்னும் சொல்லவில்லை.